செயற்கைப் பனி: ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள்

வணக்கம். பனி தொடர்பாக நான் முன்மொழிந்த கலைச்சொற்கள் பற்றி நீங்கள் எழுப்பிய கேள்விகளை மேலே வைத்து, கீழே பதில் சொல்கிறேன்.

> 'செயற்கைப் பனி' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

அந்தச் சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதன் தலையில் இப்போது இரண்டு சுமை. பனிச்சறுக்குச் சரிவுகளில் இயந்திரம் பொழிவது அசல் தண்ணீர்; உறைந்திருக்கிறது, வெயில் பட்டால் உருகும். குழந்தைகள் நீர் ஊற்றிப் பொங்கவைத்து விளையாடும் வெள்ளைத்தூளோ சோடியம் பாலிஅக்ரிலேட், டயப்பருக்குள் ஈரம் உறிஞ்சும் அதே சரக்கு. அது உறையவே இல்லை, நீரைக் குடித்து ஊதிக் கிடக்கிறது. அறைச்சூட்டில் உருகாது, காய்ந்தால் சுருங்கிவிடும். "செயற்கைப் பனி உருகுமா?" என்று ஒரு பிள்ளை கேட்டால் எதை நினைத்துப் பதில் சொல்வது?

ஆகவே முன்னதற்குப் 'பொறிப்பனி', பின்னதற்குப் 'பொங்குபனி'. செயற்கைப் பனி இரண்டுக்கும் பொதுப்பெயராக இருந்துவிட்டுப் போகட்டும்.

> பொறிப்பனி என்றால் தீப்பொறி நினைவுக்கு வருகிறது.

பொறியியல் என்னும்போது யாருக்கும் தீ நினைவு வருவதில்லையே! பழகினால் சரியாகிவிடும்.

> 'செயற்கை வெண்பனி' என்றால் தெளிவாக இருக்குமே?

இதை நான் வேறொன்றுக்காக எடுத்துவைத்திருக்கிறேன். 1936இல் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் குளிரறையில் நகாயா உகிச்சிரோ என்ற இயற்பியலாளர், முயல் முடியின் மேல் நீராவியைப் படியவைத்து வெண்பனிப் படிகத்தையே வளர்த்தார். வானத்தில் நடப்பதும் அதுதான்: ஆவி நேரே படிகமாகிறது, ஆறு கை விரிகிறது. பொறிப்பனியின் கதை வேறு. அங்கே நீர்த்துளி வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி உறைகிறது. கையும் இல்லை, கிளையும் இல்லை, குட்டி உருண்டைகள். அதனால்தான் நெருக்கமாக அடைந்துகொள்கிறது, புதிதாக விழுந்த வெண்பனியைவிடப் பல மடங்கு கனக்கிறது, சறுக்குவோரின் தேய்ப்பையும் கூடுதலாகத் தாங்குகிறது. இந்த வேறுபாட்டைச் சொல்லில் காட்டாவிட்டால் பிறகு விளக்கத்தில் மல்லுக்கட்ட வேண்டும்.

அடுத்து இயந்திரம். 1950இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஹன்ட், பியர்ஸ், ரிச்சி என்ற மூவர் செய்த கருவியை 'பனிப் பீரங்கி' என்று மொழிபெயர்த்திருந்தீர்கள். அங்கே வெடிப்பது எதுவும் இல்லை. அழுத்திய காற்று நீரைச் சிதறடிக்கிறது, அவ்வளவுதான். 'பனித்தூவி' என்பது என் பரிந்துரை. தூவி என்றால் பறவையின் மெல்லிறகு என்றும் பொருள் உண்டு. திட்டமிட்டு வைத்ததல்ல, ஆனாலும் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

பனித்தூவியை ஓட்டுபவர்கள் வெறும் வெப்பநிலையைப் பார்ப்பதில்லை, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவைப் பார்க்கிறார்கள். அது சுமார் -2 பாகை செல்சியசுக்குக் கீழே இருக்க வேண்டும். காற்று நன்றாக உலர்ந்திருந்தால், சாதாரண வெப்பமானி பூச்சியத்துக்குச் சற்று மேலே நிற்கும்போதுகூடப் பொறிப்பனி விழும். இதற்குப் பாடநூல்களில் 'ஈரக்குமிழ் வெப்பநிலை' இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு உறுத்துவது ஒன்றே. துளி சீக்கிரம் உறைய ஒரு பற்றுக்கோடு வேண்டும். சில இடங்களில் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவின் புரதத்தை நீரில் கலக்கிறார்கள். இந்தப் பற்றுக்கோட்டுக்கு உங்கள் முந்தைய மடலில் 'கருவூட்டி' என்று வந்திருந்தது. கருவூட்டலை ஏற்கெனவே கால்நடை மருத்துவர்கள் எடுத்துக்கொண்டார்கள் ஐயா! 'உறைகரு' என்று வைத்தால் முட்டை ஞாபகம் வருகிறது என்கிறாள் வீட்டில். 'உறைவிதை' எப்படி? விதைக்குத்தான் நான் சாய்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.