வாட்ஸ்அப் குழு: ஆனந்தபுரி வீட்டார்

பெரியக்கா: 📷 படம்
பெரியக்கா: நேற்று அடிச்ச வெள்ளை பெயின்ற் இண்டைக்கு நகத்தால சுரண்ட உரியுது. அடுத்த கிழமை குடிபூரல்

தங்கச்சி: ஐயோ

சின்ன மாமா: எந்தத் தூண்

பெரியக்கா: பல்கனிக் கைபிடித் தூண். நீங்க அனுப்பின மேசன் வார்த்தது

சின்ன மாமா: அவன்ர வேலையில பிழை வராது. பெயின்ற் பழசாயிருக்கும்

பெரியக்கா: புது வாளி மாமா. எனக்கு முன்னாலதான் உடைச்சது

தங்கச்சி: மதில் கட்டேக்கையும் இதே கதைதான்

சின்ன மாமா: மதில இதுக்க இழுக்காதைங்கோ

அண்ணா கனடா: அக்கா, தூண் வார்த்த அச்சுக்கு உள்பக்கம் என்ன பூசினவர்?

பெரியக்கா: கராஜில எடுத்த கழிவு ஒயில். வழிய வழியப் பூசினவர்

அண்ணா கனடா: அதுதான் காரணம். ஒயில் பூசினாச் சீமெந்து அச்சில ஒட்டாது, உண்மை. ஆனா கூடின ஒயில் தூணின்ர மேற்பரப்புக்குள்ள ஊறிப் போகும். அதுக்கு மேல பெயின்ற் பிடிக்காது. இந்த வேலைக்கெண்டே தண்ணியில கலந்த அச்சுப் பூச்சு இருக்கு, பார்க்கப் பால் மாதிரி. தண்ணி காய்ஞ்சாப் பிறகு மெல்லிய படலம் மட்டும் மிஞ்சும். அதில இருக்கிற கொழுப்பமிலம் சீமெந்தில உள்ள சுண்ணாம்போட சேர்ந்து ஒருவகைச் சவர்க்காரமாகுது, அதாலதான் அச்சு லேசாக் கழருது. மெல்லிசாப் பூசினாக் கறையும் பிடிக்காது, காத்துக்குமிழ் ஓட்டையும் குறையும். ஆனா காயமுதல் மழை பட்டாக் கழுவுப்பட்டுப் போயிடும்

மாமி: தம்பி சாப்பிட்டியோ

அண்ணா கனடா: ஓம் மாமி

மச்சான்: உங்கட பக்டரியில அடிக்கிறதும் இதுவோ?

அண்ணா கனடா: இல்ல மச்சான். இங்க ரப்பர் அச்சுக்கு டெஃப்லோன், அதான் ஒட்டாத சட்டியில பூசுற சாமான், அதின்ர தூள் கலந்த தண்ணிப் பூச்சு. காய்ஞ்சாத் தொட்டாலும் கையில ஒட்டாது, ஒருக்கா அடிச்சாப் பல வார்ப்புக்கு நிக்கும். டெஃப்லோன் 260 பாகை செல்சியஸ் வரைக்கும் தாங்கும். தின்னரில கலந்ததெண்டா மணத்தில தலை சுத்தும், நெருப்புப் பயமும் இருக்கு. தண்ணியில கலந்தது காயச் சுணங்கும், அச்சில பிசுக்கு இருந்தாப் பிடிக்கவும் மாட்டுது. கழுவித் துடைச்சுப்போட்டுத்தான் அடிப்பம்

மச்சான்: நிலாவெளிக் கடைக் கேற்றுத் தண்டவாளத்துக்குச் சரிவருமோ? கிறீஸ் பூசினா மணல் அப்புது

அண்ணா கனடா: வரும். காய்ஞ்ச படலத்தில மணல் ஒட்டாது. துருவைத் தேய்ச்செடுத்துப்போட்டு அடி. ஆனா உப்புக் காத்துக்கு அது மட்டும் காணாது

பெரியம்மா: கேற்றுக் கதை பிறகு. ஐயருக்குச் சொல்லியாச்சோ

பெரியக்கா: ஓம் பெரியம்மா. இப்ப தூணை உடைக்கிறதோ?

அண்ணா கனடா: உடைக்காதைங்கோ. உரியிற பெயின்றச் சுரண்டிப்போட்டு, சுடுதண்ணியில சலவைத்தூள் கரைச்சுக் கம்பித் தூரிகையால தேய்ச்சுக் கழுவுங்கோ. காய்ஞ்ச பிறகு தண்ணி தெளிச்சுப் பாருங்கோ. துளி துளியா நிண்டா ஒயில் இன்னும் கிடக்கு. உறிஞ்சினாப் பிறைமர், அதான் பெயின்றுக்கு முதல் அடிக்கிற அடிப்பூச்சு, அடிக்கலாம். சிலிக்கன் ஸ்ப்ரே கிட்டவும் கொண்டுபோகாதைங்கோ, அதுக்கு மேலயும் பெயின்ற் பிடிக்காது
அண்ணா கனடா: ஒயில் வாளி எங்க இருக்கு?

பெரியக்கா: கிணத்தடியில

அண்ணா கனடா: உடன எடுங்கோ அக்கா. மணல் நிலம், சிந்தினாக் கிணத்துக்குத்தான் இறங்கும். எஞ்சினுக்க ஓடின ஒயிலில உலோகமும் கிடக்கு, புற்றுநோய் தரக்கூடிய சாமானும் கிடக்கு. மேசன் வெறுங்கையாலயோ பூசினவர்?

சின்ன மாமா: தகப்பன் காலத்திலயிருந்து பூசுறாங்கள். ஒண்டும் நடக்கேல்ல

மாமி: அவற்ற கை கறுத்து வெடிச்செல்லோ கிடக்கு. தேத்தண்ணி குடுக்கேக்க கண்டனான், கோப்பையப் பிடிக்கவே நோகுதாம்

அண்ணா கனடா: மாமா, அவருக்குக் கையுறை வாங்கிக் குடுங்கோ. காசு நான் போடுறன்

சின்ன மாமா: உன்ர காசு வேண்டாம். நானே வாங்கிறன்

தங்கச்சி: அந்தப் பால் பூச்சு எங்க வாங்கலாம்?

மச்சான்: என்.சி. வீதியில விசாரிக்கிறன். இல்லாட்டிக் கொழும்புதான்

பெரியக்கா: மாடிப்படித் தூண் இன்னும் வார்க்கேல்ல. அதுக்கெண்டாலும் எடுங்கோ

பெரியம்மா: பந்திக்கு எத்தினை பேர்? சமையல்காரர் கேக்கிறார்

பெரியக்கா: தூண் ஒரு முடிவுக்கு வரட்டும் பெரியம்மா

சின்ன மாமா: மேசனோட நான் கதைக்கிறன். வேற ஒருத்தரும் கோல் எடுக்க வேண்டாம்

சின்ன மாமா: போன் எடுக்கிறானில்ல