அப்பாவுக்கு பார்க்கின்சன், எனக்கு காபி காப்பா?

மூத்தமகள்:
அப்பாவுக்கு 61 வயசுல கை நடுங்குற பார்க்கின்சன் நோய் வந்துருச்சு. "நீ ஜீன் டெஸ்ட் எடு, காபி குடிக்க ஆரம்பி"ங்கிறான் சித்தி பையன். நான் டீ கூட தொடாதவள். அவன் சொல்றதுல ஏதாவது இருக்கா?

டிகாஷன்தாசன்:
தாராளமா குடிங்க மேடம். ஹவாய் தீவு ஹொனலுலுவில் 8,004 ஜப்பானிய அமெரிக்க ஆண்களை 30 வருஷம் கவனிச்சு 2000ல எழுதினாங்க. காபியே குடிக்காதவங்களுக்கு, நிறைய குடிச்சவங்களைவிட சுமார் 5 மடங்கு அதிகமா நோய் வந்துச்சு.

சந்தேகசாமி:
அந்த 8,004 பேரில் நோய் வந்தவர்கள் 102 பேர்தான், அதுவும் எல்லாரும் ஆண்கள். கேட்டிருப்பது ஒரு பெண். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுக்கும் பெண்களிடம் காபியின் பலன் தெரியவில்லை என்று வேறு ஆய்வுகள் சொல்லின. இன்னொன்று: கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்பே இந்த நோயில் மோப்பம் போய்விடும். டிகாஷன் மணமே தெரியாத ஆள் காபியை விட்டிருக்கலாமே?

டிகாஷன்தாசன்:
அதுக்குத்தான் சாமி 30 வருஷம். மோப்பம் அவ்வளவு முன்னாடியா போகும்?

மூத்தமகள்:
ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. அப்பா நாப்பது வருஷமா தினம் மூணு டம்ளர் காபி.

டிகாஷன்தாசன்:
அங்கதான் ஜீன் வருது! 2011ல அமெரிக்காவில் கிரின்2ஏ ஜீனைப் பார்த்தாங்க. காபி கம்மியா குடிச்ச, அந்த ஜீனின் சாதாரண வடிவம் உள்ளவங்களோட ஒப்பிட்டா, அதே வடிவத்தோட நிறைய குடிச்சவங்களுக்கு ஆபத்து 18% தான் குறைவு. வேறொரு வடிவம் இருந்து நிறைய குடிச்சவங்களுக்கு 59%. அப்பாவுக்கு அந்த வடிவம் இல்லாம இருக்கலாம்.

சந்தேகசாமி:
நோய் வராவிட்டால் காபியின் புண்ணியம், வந்தால் ஜீனின் குற்றம். தோற்கவே வழியில்லாத கட்சி உங்களுடையது! அந்த 2011 முடிவை ஸ்வீடன் ஆய்வு ஆதரித்தது, பின்னால் வந்த இன்னொன்றில் அது கிடைக்கவில்லை. 2017ல் நோயாளிகளுக்கே தினம் 400 மி.கி. காஃபின் கொடுத்துப் பார்த்தார்கள், உடல் அசைவில் முன்னேற்றமில்லை.

டிகாஷன்தாசன்:
அது வந்த நோய்க்கு மருந்து. நான் பேசுறது வராம தடுக்கிறதை. ரெண்டையும் குழப்பாதீங்க.

சந்தேகசாமி:
அது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டெஸ்ட்? பார்க்கின்சன் விஷயத்தில் அதிகம் பேசப்படும் எல்ஆர்ஆர்கே2 ஜீனில் வரும் ஜி2019எஸ் என்ற பிறழ்வு அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வம்சாவளி) யூதர்களிடமும் வட ஆப்பிரிக்க பெர்பர்களிடமும் அதிகம். இந்தியாவில் மிக அரிது. அந்தப் பிறழ்வு இருப்பவர்கள் எல்லாருக்கும் நோய் வருவதுமில்லை. 'இல்லை' என்று வந்தால் அதை வைத்து நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. என்னதான் செய்வீர்கள் அந்தத் தாளை வைத்து?

டிகாஷன்தாசன்:
டெஸ்ட் விஷயத்துல உங்க பக்கம்தான். காபியில ஒரு சொட்டு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மூத்தமகள்:
டெஸ்ட் காசு மிச்சம். காபி ஒரு வாய் குடிச்சுப் பார்த்தேன். கசக்குது.