எட்டு பைட்டுக்காக ஒரு ராத்திரி

பைட்டுப்பிள்ளை:
ஓப்பன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான லினக்ஸ்) போட்ட பழைய ரூட்டர், ஃபைபர் லைன், விலேன் (ஒரே ஒயர்ல தனித்தனி நெட்வொர்க்) மேல பிபிபிஓஇ, அதாவது ஐஎஸ்பிக்குள்ள லாகின் பண்ற முறை; ஒவ்வொரு பாக்கெட்லயும் எட்டு பைட்டைத் தனக்குன்னு எடுத்துக்கும். அதனால எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டோட உச்ச அளவு, 1500 இல்லாம வழக்கம்போல 1492 பைட். ஐஎஸ்பி பக்கம் ஆர்எஃப்சி 4638 (பிபிபிஓஇ-லயும் முழு 1500 விடுற விதி) ஓடுதுன்னு தெரிஞ்சதும் கீழ ஈதர்நெட்டுக்கு 1508 குடுத்தேன். கெர்னல் (லினக்ஸோட மையம்) முடியாதுன்னுடுச்சு. கெர்னல் 4.10-லேருந்து நெட்வொர்க் சிப்போட டிரைவரே உச்ச அளவைச் சொல்லணும், இல்லேன்னா 1500தான். அந்த வரியைச் சேர்த்து கம்பைல் பண்ணேன். ஏத்துக்கிச்சு.

ராத்திரி ரெண்டு மணி. பாக்கெட்டைத் துண்டாக்காம பிங். 1464-க்கு (ஹெடர் 28 சேர்த்தா அதே பழைய 1492) பதில் வருது. 1465, சத்தமே இல்ல. டிசிபிடம்ப்ல (போற வர்ற பாக்கெட்டைக் காட்டுற டூல்) பாக்கெட் கிளம்புறது தெரியுது. ஒவ்வொரு பிங்குக்கும் ஆர்எக்ஸ் எரர் (வாங்குற பக்கத்துத் தப்புக் கணக்கு) சரியா ஒண்ணு ஏறுது. பதில் வாசப்படி வரைக்கும் வந்திருக்கு, நம்ம மேக் சிப்தான் (ஈதர்நெட்டைக் கவனிக்கிற சிப்) கீழ போட்டிருக்கு! தோண்டினா, வாங்குற உச்ச அளவை வைக்கிற அதோட ரிஜிஸ்டர்ல 1522. 1500, ஹெடர் 14, விலேன் 4, பிழை பார்க்கிற சிஆர்சி 4. எவனோ கூட்டி எழுதிட்டுப் போயிட்டான். 1536 ஆக்கினேன், ஓடுது. ஆனா இன்னும் மனசு ஆறல.

சும்மாஇருசாமி:
எட்டு பைட்டுக்கு ரெண்டு மணி வரைக்குமா? எனக்கும் ஒரு பேங்க் சைட் சுத்திக்கிட்டே கிடந்துது. எம்எஸ்எஸ் கிளாம்ப் (டிசிபி டேட்டா துண்டோட அளவைக் குறுக்குற செட்டிங்) 1452, முடிஞ்சது. ப்ரோ, முதல்ல அந்தப் பழைய ரூட்டரைத் தூக்கிப் போடுங்க. ரெண்டாவது, ரூட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குங்க. அடாப்டரையும் மாத்துங்க, பழசாச்சுன்னா வோல்டேஜ் இறங்கி ரூட்டர் தானா ரீபூட் ஆகும். வெயில் படுற ஜன்னல்ல வைக்காதீங்க. நைட்ல நல்லா தூங்குங்க.

மெஷ்மாமா:
சாமி, கிளாம்ப் டிசிபிக்கு மட்டும்தான். டிசிபி இல்லாத இன்னொரு வகையான யூடிபி உங்க கிளாம்ப்பை மதிக்காது. ஹாஸ்டல்ல பேட்மேன் மெஷ் (பல ரூட்டரைக் கோத்து ஒரே நெட்வொர்க் ஆக்குறது) போட்டோம், அதுக்கு எம்டியூ 1532 வேணும். பசங்க சாட்ல "ஹாய்" போகுது, போட்டோ மட்டும் வட்டமா சுத்துது. ஒரு பையன் போனைத் தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறி இறங்குறான், சிக்னல் இல்லைன்னு நெனச்சு! கடைசில பார்த்தா நடுவுல இருந்த ஒரு ரூட்டரோட ஈதர்நெட் 1500-லயே நின்னுது.

பிள்ளை, ரிஜிஸ்டரை ஏத்தினீங்க சரி, ஆர்எக்ஸ் பஃபரை (வர்ற பாக்கெட்டை வைக்கிற மெமரி இடம்) ஏத்தினீங்களா? சில சிப்ல டிஎம்ஏ (சிப் நேரா மெமரில எழுதுற வழி) பஃபர் நீளத்தைப் பார்க்காது, பக்கத்து மெமரி மேலேயே எழுதிட்டுப் போகும்.

பைட்டுப்பிள்ளை:
ஐயோ மாமா. நேத்து காரணமே இல்லாம ஒரு தடவை ரீபூட் ஆச்சு. அடாப்டர்னு நெனச்சேன்.