ஆக்சிலேட்டரை மிதிச்சா ஸ்பீக்கர்ல ‘குய்ங்’: எர்த்து பார்த்த அனுபவம்

எனக்கு அம்பாசமுத்திரம். போன வருசம் திருநெல்வேலியில வச்சு கார்ல ஆம்ப்பும் (பாட்டுச் சத்தத்தைப் பெருக்குற ஆம்ப்ளிஃபையர்) சப்ஊஃபரும் (அடித்தொனிக்கான ஸ்பீக்கர்) போட்டேன். ஊருக்குத் திரும்பையில சேரன்மகாதேவி வர்றதுக்குள்ள ஸ்பீக்கர்ல ‘குய்ங்’னு ஒரு இரைச்சல். ஆக்சிலேட்டரை மிதிச்சா சுருதி ஏறும், காலை எடுத்தா இறங்கும். பாட்டை நிறுத்தினாலும் அது நிக்காது.

போட்ட கடையில கேபிளைக் குறை சொன்னாங்க. செட்டுல (கார் ஸ்டீரியோ) இருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டு போற ஆர்சிஏ கேபிளை, விலை கூடினதா வாங்கி மாத்தினேன். அதே குய்ங்.

பாளையங்கோட்டையில ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணாச்சி இருக்காங்க. கேட்டதுமே, “கேபிள எதுக்கு மாத்துனிய? எர்த்தப் பாத்தியளா?”ன்னாங்க. எர்த்துன்னா ஆம்ப்புல இருந்து கரண்டு திரும்ப, வண்டி பாடியில போல்ட் போட்டு மாட்டுற நெகட்டிவ் வயர். நான் கேபிளைப் பிடுங்கப் போனேன். “செட்ட அணைச்சிட்டுப் பிடுங்குங்க தம்பி. சில செட்டுல எர்த்துக்கு நூலு கணக்கா ஒரு ஃபியூஸ் இருக்கும், போயிரும்”னு தடுத்தாங்க.

அப்புறம் சார்ஜர்ல போடாத போன்ல இருந்து ஆம்ப்புக்குப் பாட்டு கொடுத்தாங்க. இன்ஜின் ஓடுது, இரைச்சல் துளியும் இல்ல. செட்டை மாட்டினதும் வந்துருச்சு. போனுக்கும் வண்டி பாடிக்கும் தொடர்பு கிடையாது, செட்டுக்கு உண்டு. விசயம் அங்கதான் இருக்கு.

ஆர்சிஏல நடு ஊசி சிக்னல். வெளி வளையம் அந்த சிக்னல் திரும்புற வழி, வெளி இரைச்சலைத் தடுக்குற உறையான ஷீல்டும் அதுதான். ஆம்ப்போட எர்த்து சரியா உக்காரலைன்னா, தடி வயர்ல திரும்ப வேண்டிய கரண்டுல கொஞ்சம் இந்த மெல்லிசு ஷீல்டு வழியா செட்டு எர்த்துக்குப் போகும். டைனமோன்னு நாம சொல்ற ஆல்டர்னேட்டரோட சிற்றலையும் (அது கொடுக்குற கரண்டுல இருக்குற சின்ன ஏற்ற இறக்கம்) அதுல சேர்ந்துக்கும். சில மில்லிவோல்ட் போதும், ஆம்ப் அதையும் பாட்டுன்னு நெனச்சுப் பெருக்கும். இன்ஜின் வேகம் கூடக் கூட சிற்றலையோட அதிர்வெண் கூடும், சுருதி ஏறுறது அதனாலதான்.

செட்டு பாடிக்கும் ஆம்ப் எர்த்துக்கும் நடுவுல மீட்டர் வச்சா 0.3 வோல்ட். சீட்டுக்கு அடியில எர்த்து போல்ட்டைக் கழட்டினோம். வயர் நுனி வளையமான லக்குக்குக் கீழ கம்பெனி பெயிண்ட் பளபளன்னு அப்படியே இருக்கு! மரையில மட்டும்தான் இரும்பு தொட்டிருக்கு. அண்ணாச்சி உப்புத்தாள் போட்டு ஒரு ரூபாய்த் துட்டு அகலத்துக்கு வெள்ளை இரும்பு தெரியுற வரை தேய்ச்சாங்க. பாசிட்டிவ் வயர் தடிமனுக்கே புது எர்த்து வயர், ஒண்ணரை அடிக்குள்ள. பல்லு வாஷர் போட்டு முறுக்கி, துரு ஏறாம மேல வாசலின் தடவினாங்க. மீட்டர்ல 0.01.

‘ஷீல்டை ஒரு பக்கம் வெட்டி விடு’ன்னு எனக்கு யோசனை சொன்னவங்களும் உண்டு. தயவுசெஞ்சு சாதா ஆர்சிஏல அதைச் செய்யாதீங்க, சிக்னல் திரும்புற வழியே அறுந்துரும். உள்ள ரெண்டு வயர் முறுக்கி, மேல தனி ஷீல்டு இருக்குற கேபிள்லதான் ஷீல்டை செட்டுப் பக்கம் மட்டும் சேர்ப்பாங்க. அம்புக்குறி போட்டிருந்தா செட்டுல இருந்து ஆம்ப்பைப் பார்த்து இருக்கணும்.

கடைசியில பழைய கேபிளையே திரும்ப மாட்டிப் பார்த்தோம். இரைச்சல் இல்ல. இப்பவும் அதுதான் ஓடுது.