டீன் ஹேமர் முன்னோடியா, அவசரக்காரரா?

நீர்முள்ளி: அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் பணியாற்றிய டீன் ஹேமரை நடத்தைக்கும் மரபணுக்களுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் நடத்தை மரபியலின் முன்னோடி என்று புகழ்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆண் தன்பாலீர்ப்புக்கும் எக்ஸ் குரோமோசோமின் எக்ஸ்க்யூ28 பகுதிக்கும் தொடர்பு உண்டு என்று 1993இல் அவர் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். 1999இல் கனடா ஆய்வாளர்கள், இருவருமே தன்பாலீர்ப்புடைய 52 சகோதர இணைகளைச் சோதித்தபோது அந்தத் தொடர்பு தென்படவில்லை. அதற்குள் ‘தன்பாலீர்ப்பு மரபணு’ என்ற பேச்சு உலகெங்கும் பரவிவிட்டது.

தென்கரையான்: நண்பரே, அவர் செய்தது என்ன என்பதை முதலில் பார்ப்போம். தாய்மாமன்களிடமும், பெரியம்மா, சித்தி மகன்களிடமும் தன்பாலீர்ப்பு கூடுதலாக இருப்பதைக் கண்டுதான், ஆண்களுக்குத் தாய்வழியே மட்டும் வரும் எக்ஸ் குரோமோசோமை அவர் ஆராயத் தொடங்கினார். தாயிடம் இரண்டு எக்ஸ் இருப்பதால், சகோதரர் இருவருக்கும் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஒரே பிரதி வந்து சேரும் வாய்ப்பு சரிபாதி. ஆகவே அவர் சோதித்த, இருவருமே தன்பாலீர்ப்புடைய 40 சகோதர இணைகளில் 20 ஒத்துப்போகலாம் என்பதே கணக்கு. அவருக்குக் கிடைத்ததோ 33. ஒரே மரபணுதான் காரணம் என்று அக்கட்டுரை சொல்லவும் இல்லை. 2015இல் இத்தகைய 409 இணைகளை ஆராய்ந்த, அமெரிக்க ஆய்வாளர் ஆலன் சாண்டர்ஸின் குழுவுக்கும் அதே பகுதியில் தடயம் கிடைத்தது.

நீர்முள்ளி: சாண்டர்ஸ் குழு கண்ட வலுவான தடயம் 8ஆம் குரோமோசோமில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2019இல் ஏறத்தாழ 4.8 லட்சம் பேரின் மரபணுத் தரவுகளை அலசியபோது தெளிவாகத் தெரிந்தவை மிகச் சிறு விளைவுடைய ஐந்து இடங்கள் மட்டுமே. எக்ஸ்க்யூ28 அவற்றில் இல்லை. ஹேமரோ 2004இல் ஆன்மிக நாட்டத்தை, மூளையின் வேதிச் செய்திப்பொருள்களைக் கையாளும் விஎம்ஏடி2 மரபணுவோடு இணைத்து ஒரு நூலே எழுதினார். அதன் தரவுகளை ஆய்விதழில் வெளியிடவில்லை. சக ஆய்வாளர் சரிபார்க்க இயலாத ஒன்றை மக்கள் முன் வைப்பது பொறுப்பான செயலா?

ஆதிரை: அந்த நூலைப் பொறுத்தவரை நீர்முள்ளியின் கண்டனம் முற்றிலும் நியாயமானது.

தென்கரையான்: அந்த நூலுக்காக நானும் வாதாட மாட்டேன். ஆனால் அதைக் கொண்டு 1993ஆம் ஆண்டு ஆய்வை எடைபோடுவது முறையன்று. அதே ஆண்டில்தான், குடும்பங்களைத் தொடரும் இதே வழியில், மூளையைச் சிதைக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டன் நோயின் மரபணு பிடிபட்டது. நடத்தைக்கும் அப்படியே தேடலாம் என்று நம்பியவர் ஹேமர் மட்டும் அல்லர். 1995இல் அவர் குழுவே வேறு குடும்பங்களில் மறுபடி சோதித்து, ஆண்களிடம் தொடர்பு முன்னைவிடக் குறைவாகவும் பெண்களிடம் அறவே இல்லாமலும் இருந்ததை மறைக்காமல் எழுதியது. இடத்தையும் எண்ணிக்கையையும் அவர் வெளிப்படையாக வைத்ததால்தானே கனடா ஆய்வாளர்களால் அவரை மறுக்கவே முடிந்தது?