புதுச்சேரி, கடலூர் பக்கம் முழு பிட்காயின் நோட் (பிட்காயின் பரிவர்த்தனை வரலாறு முழுவதையும் வைத்துச் சரிபார்க்கும் கணினி) வைத்திருப்பவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். என்னிடம் இருப்பது ராஸ்பெரி பை 4 என்ற சின்ன கணினி, 4 ஜிபி ரேம், 128 ஜிபி எஸ்எஸ்டி. இதில் பிட்காயின் கோர் என்ற நோட் மென்பொருளை புரூன் முறையில், அதாவது பழைய பிளாக்குகளை (பரிவர்த்தனைத் தொகுப்புகளை) அழித்து இடத்தைக் குறைக்கும் முறையில், ஓட்ட வேண்டும். பிளாக்குகளுக்குக் குறைந்தபட்சம் 550 எம்ஐபி (மெபிபைட், எம்பியைவிடச் சற்றுப் பெரியது) போதும் என்றாலும், பழைய பிளாக்கை அழிக்கும் ஒவ்வொரு முறையும் ரேமில் உள்ள கேஷ் மொத்தமும் டிஸ்கில் எழுதப்படுவதால் சிங்க் (எல்லா பிளாக்கையும் இறக்கிச் சரிபார்ப்பது) ரொம்ப இழுக்கும். அதனால் 60,000 எம்ஐபி வைக்கிறேன். செயின்ஸ்டேட் (இன்னும் செலவாகாத காயின்களின் பட்டியல்) போகவும் இடம் மிஞ்சும். டிஎக்ஸ்இன்டெக்ஸ் (எல்லா பரிவர்த்தனைகளுக்குமான தேடல் அட்டவணை) புரூனோடு சேராது, தேவையும் இல்லை.

சிக்கல் டவுன்லோடுதான். புரூன் செய்தாலும் முதல் பிளாக்கிலிருந்து 600 ஜிபிக்கு மேல் இறங்கியே தீரும். நடுவில் கரண்ட் போய் செயின்ஸ்டேட் கெட்டால், ரீஇன்டெக்ஸ் (அதை மறுபடி கட்டுவது) என்பது மறுபடி முழு டவுன்லோடு. ஐப்பசி மழைக்குள் முடித்தாக வேண்டும்.

உங்கள் ரவுட்டரில் லேன் கேபிளில் சில நாள் என் மெஷினைச் செருக விடுவீர்களா? என் பக்கம் பிட்காயின் கோர் அமைப்பில் 'கனெக்ட்' வரியில் உங்கள் நோடின் உள் ஐபி போட்டால் போதும். நீங்கள் மேக்ஸ்அப்லோட்டார்கெட் (நோடின் அப்லோட் வரம்பு) வைத்திருந்தால் என் ஐபியை டவுன்லோட் அனுமதியோடு வொயிட்லிஸ்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் அளவு தீர்ந்ததும் உங்கள் நோட் இணைப்பைத் துண்டித்துவிடும்.

செயின்ஸ்டேட் ஃபோல்டரை காப்பி எடுத்துத் தர வேண்டாம். ஒவ்வொரு பிளாக்கையும் என் மெஷினே சரிபார்க்க வேண்டும், நோட் வைப்பதே அதற்குத்தான். யுபிஎஸ் கொண்டுவருகிறேன். நெல்லிக்குப்பம், பாகூர், வில்லியனூர், எங்கே என்றாலும் வருவேன்.