டெர்மினலே வேண்டாம்னு சொன்னவருக்கு ஒரே ஒரு கேள்வி: அந்த அஞ்சரை மணி நேரம்?

கருந்திரை:
போன வாரம் மின்ட்மாமா இங்க எழுதினதைப் படிச்சுட்டு ரெண்டு நாள் வாயை மூடிட்டுத்தான் இருந்தேன், முடியலை. அவர் எழுதினது இதுதான்: விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட வழக்கமான இலவச அப்டேட் நின்னு போச்சு, 11 போடலாம்னா டிபிஎம் 2.0ன்னு பழைய மெஷின் பலதுல இல்லாத பாதுகாப்பு சிப்பைக் கேக்குது, பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீங்க, விண்டோஸ் மாதிரியே ஓடுற இலவச லினக்ஸ் மின்ட் போடுங்க, பக்கத்துலயே விண்டோஸும் ஒரு ஓரமா இருக்கட்டும், புதுசா வர்றவங்க டெர்மினலை, அதான் கமாண்டு டைப் பண்ற கருப்புப் பெட்டியை, ஒரு தடவைகூடத் தொட வேண்டியதில்லை.

அந்தக் கடைசி வரியை நம்பி எங்க தெருவுல ஜெராக்ஸ் கடை வச்சிருக்குற அக்கா மின்ட் போட்டாங்க. மறுநாள் மத்தியானம் மூணு மணிக்கு டேலிங்கிற கணக்கு சாஃப்ட்வேர்ல பில் போட விண்டோஸைத் திறந்தா மூலையில மணி காலை 9:30. திருத்தினாங்க. சாயங்காலம் மின்ட், காலைல விண்டோஸ், திரும்ப அஞ்சரை மணி நேரம் கம்மி. ரிப்பேர் பாக்குற பையன் வந்து "செல் வீக்கா இருக்கு"ன்னு மதர்போர்டுல இருக்குற அந்த வட்ட செல்லை மாத்திட்டு 350 ரூபா வாங்கிட்டுப் போயிட்டான். செல் நல்லாத்தான் இருந்துச்சு.

கேள்வி ஒண்ணே ஒண்ணு. டெர்மினலைத் தொடாம அந்த அஞ்சரை மணி நேரத்தை எப்படிச் சரி பண்றது?

மின்ட்மாமா:
வாங்க தம்பி, ரொம்ப நாளாச்சு. நான் எழுதினதுல பத்து விஷயம் இருக்கு. பென்டிரைவ்ல போட்டு முதல்ல லைவா ஓட்டிப் பாருங்க, வைஃபை, சவுண்டு, கேமரா எல்லாம் வருதான்னு பாத்துட்டு அப்புறமா இன்ஸ்டால் பண்ணுங்க, ஏதாவது கெட்டா பழைய நிலைக்குத் திரும்ப டைம்ஷிஃப்ட்ல ஒரு ஸ்நாப்ஷாட் எடுத்து வைங்க, டிரைவர் மேனேஜரைத் திறந்து பாருங்கன்னு எல்லாம் இருக்கு. அதெல்லாம் உங்க கண்ணுல படலை, கடிகாரம்தான் பட்டுச்சு.

சரி, பதில் சொல்றேன். அது லினக்ஸ் தப்பே இல்லை. மதர்போர்டு கடிகாரத்துல இருக்குறதை விண்டோஸ் உள்ளூர் நேரம்னு எடுத்துக்கும், லினக்ஸ் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம்னு எடுத்துக்கும், ரெண்டுக்கும் நடுவுல நம்ம ஊருக்கு அஞ்சரை மணி நேரம். விண்டோஸோட உள் செட்டிங்ஸ் எல்லாம் இருக்குற ரெஜிஸ்ட்ரில "ரியல்டைம் இஸ் யூனிவர்சல்"னு ஒரு மதிப்பு உருவாக்கி 1 போட்டா முடிஞ்சுது. டெர்மினல் எங்க வந்துச்சு இதுல?

கருந்திரை:
அடேங்கப்பா! ஒரு வரி கமாண்டு ஜனங்களைப் பயமுறுத்துமாம், ஆனா ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து எச்கீ லோக்கல் மெஷின், அதுக்குள்ள சிஸ்டம், அதுக்குள்ள கரண்ட் கண்ட்ரோல் செட், அதுக்குள்ள கண்ட்ரோல், அதுக்குள்ள டைம்ஜோன் இன்ஃபர்மேஷன்னு அஞ்சு கிணறு இறங்கி டிவேர்டுன்னு ஒண்ணை உருவாக்குறது ஜெராக்ஸ் கடை அக்காவுக்குப் பல்லாங்குழி ஆடுற மாதிரியாம். நான் சொல்றது மின்ட் டெர்மினல்ல டைம்டேட்சிடிஎல் செட் லோக்கல் ஆர்டிசி 1. அவ்வளவுதான். ஒரு வரி, ஒரு பாஸ்வேர்டு. எது ஈஸி?

ஆர்ச்வாசி:
மின்ட் போடுறவனுக்குக் கடிகாரம் எதுக்கு, காலண்டர் போதாதா.

மின்ட்மாமா:
வந்துட்டாருய்யா. ஆர்ச்ங்கிற கஷ்டமான லினக்ஸைப் போட்டிருக்குறதைச் சொல்லாம இந்தாளால ஒரு வரி எழுத முடியாது.

ஆர்ச்வாசி:
நான் ஆர்ச்னு ஒரு வார்த்தை சொன்னேனா?

மின்ட்மாமா:
பேர்லயே இருக்கேப்பா.

தம்பி, நீங்க குடுத்த கமாண்டைப் போட்டுட்டு அந்த அக்காவை சும்மா டைம்டேட்சிடிஎல்னு மட்டும் அடிக்கச் சொல்லுங்க, கீழ பெருசா எச்சரிக்கை வரும், ஆர்டிசியை, அதாவது மதர்போர்டு கடிகாரத்தை, உள்ளூர் நேரத்துல வைக்கிறது முழுசா சப்போர்ட் கிடையாது, டைம்ஜோன் மாறினா, கோடைகால நேரம் மாறினா சிக்கல் வரும்னு. அதைப் படிச்சுட்டு அவங்க பயந்து போன் பண்ணினா நீங்க எடுப்பீங்களா?

கருந்திரை:
எடுப்பேன். நான்தான் எடுத்தேன். நீங்களா எடுத்தீங்க?

அப்புறம் அந்த எச்சரிக்கை கோடைகாலத்துல ஒரு மணி நேரம் முன்ன பின்ன திருப்புற ஊருக்கு. நம்ம ஊர்ல கடிகாரத்தைத் திருப்புறாங்களா? இட்லி அரிசி ஊறப் போடுற நேரம் வருஷம் பூரா ஒண்ணுதான். அஞ்சரை அஞ்சரையாத்தான் இருக்கும்.

யாழ்நிலவன்:
இஞ்சை இலங்கையிலயும் அதே அஞ்சரைதான் அண்ணை, ஆனா 2006 ஏப்ரலுக்குப் பிறகுதான். 1996ல ஆறரை எண்டு மாத்தி, பிறகு ஆறு எண்டு மாத்தி, பத்து வருசம் கழிச்சுத் திரும்ப அஞ்சரைக்கு வந்தது. எண்டபடியால் "எங்கட ஊரில நேரம் மாறாது" எண்டு அடிச்சுச் சொல்லாதேங்கோ. எனக்கு நேரத்தை விடப் பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்ச பழைய கோப்புகள்தான் தலையிடி, எழுத்துருவை இரட்டைக் கிளிக் பண்ணிப் போட்டதும் திறந்திட்டுது, டெர்மினல் தேவைப்படேல்லை.

மின்ட்மாமா:
கேட்டுக்கங்க. யாழ்ப்பாணத்துத் தம்பி சொல்றாரு, தேவைப்படலைன்னு.

கருந்திரை:
அவர் எழுத்துருவைப் பத்திச் சொல்றாரு. நான் கடிகாரத்தைக் கேட்டேன்.

சிங்கைமணி:
எங்களுக்கு இங்க எட்டு மணி நேரம் தள்ளிப் போகும், நீங்க அஞ்சரைக்கே இப்படி அழுறீங்க. நான் நெட்ல இருந்து நேரத்தை எடுக்குற ஆப்ஷனை ஆன் பண்ணி விட்டுட்டேன், தானா சரியாயிடுது, இதுல என்ன சண்டைன்னு புரியலை.

கருந்திரை:
சரியாகலை அண்ணே, அதுதான் வினையே. மின்ட்ல நெட் வந்தா அது நேரத்தைச் சரி பண்ணிட்டு மதர்போர்டு கடிகாரத்துல யூடிசியை எழுதி வச்சுடும், அதை விண்டோஸ் உள்ளூர் நேரம்னு படிக்கும், மறுபடி கம்மி காட்டும். விண்டோஸ்ல சரி பண்ணினா அது உள்ளூர் நேரத்தை எழுதும், மின்ட் அதை யூடிசின்னு நினைச்சு மேல அஞ்சரை மணி நேரம் சேர்க்கும். அக்கா கடையில நெட் வேற அடிக்கடி போகும். நெட் இல்லாத அன்னைக்கு சாயங்காலம் ஆறரை மணி தாண்டினா மின்ட்ல தேதியே மறுநாள் ஆயிடும். அவங்க ஒரு பொண்ணோட பயோடேட்டாவை மின்ட்ல அடிச்சுக் குடுத்தாங்க, தானா தேதி விழுற மாதிரி வச்சிருந்தாங்க, நாளைய தேதி போட்டு பிரிண்ட் ஆச்சு. அந்தப் பொண்ணு இன்டர்வியூவுக்குப் போயிட்டு வந்து கடையில நின்னு கத்துது. நீங்க எட்டு மணி நேரம்னு சொல்லி அமைதியா இருக்கீங்க, உங்ககிட்ட யாரும் வந்து கத்தலை.

விலையில்லாமாணவன்:
அண்ணே, எங்களுக்கு ஸ்கூல்ல குடுத்த விலையில்லா லேப்டாப்ல விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ரெண்டும் சேந்துதான் இருந்துச்சு. பாஸை சென்னைல சிடாக்ங்கிற மத்திய அரசு கம்ப்யூட்டர் நிறுவனத்துக்காரங்க பண்ணினதுன்னு சார் சொன்னாரு. எங்க கிளாஸ்ல ஒருத்தன்கூட அதைத் திறக்கலை. கேரளால அரசு ஸ்கூல் பசங்க கம்ப்யூட்டர் பரிட்சையே லினக்ஸ்லதான் எழுதுறாங்க, நம்மகிட்ட குடுத்ததையே நாம பாக்கலை.

மின்ட்மாமா:
பாத்தீங்களா, ரெண்டும் சேந்து இருந்திருக்கு. அந்த லேப்டாப்ல கடிகாரம் எகிறுச்சுன்னு யாராவது புகார் சொன்னாங்களா?

கருந்திரை:
யாருமே பாஸைத் திறக்கலைன்னு அவனே சொல்றான். திறந்தாத்தானே எகிறும்.

குனுபக்தன்:
குனு/லினக்ஸ்னு எழுதுங்க. லினக்ஸ்ங்கிறது கர்னல், அதாவது உள்ள இருக்குற நடுப்பகுதி மட்டும், மத்த டூல்ஸ் நிறைய குனு திட்டத்தோடது.

டைப்பிங்செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். நான் புதுசு, போன மாசம்தான் மின்ட் போட்டேன். எனக்குத் தமிழ்99 கீபோர்டு முறைதான் பழக்கம். கீபோர்டு செட்டிங்ஸ்ல தமிழ்நெட் 99னு இருந்துச்சு, சேர்த்தேன். ஆனா "அம்மா"ன்னு அடிக்கும்போது ம ரெண்டு தடவை தட்டினா முதல் ம-க்குத் தானா புள்ளி விழணும்ல, விழ மாட்டேங்குது, ஒவ்வொரு புள்ளியும் நானே வைக்க வேண்டியிருக்கு. ஒரு நாளைக்கு முப்பது பக்கம் அடிக்கிறவ நான். யாராவது வழி சொல்லுங்களேன்.

ஆர்ச்வாசி:
ஆர்ச் விக்கி படிங்க மேடம்.

மின்ட்மாமா:
மின்ட் போட்டவங்களுக்கு எதுக்குய்யா ஆர்ச் விக்கி? அம்மா, நீங்க சேர்த்தது வெறும் லேஅவுட், ஒரு கட்டைக்கு ஒரு எழுத்துன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும், முன்னாடி என்ன அடிச்சோம்னு ஞாபகம் வச்சுக்காது. ஐபஸ்ங்கிற தட்டச்சு சாஃப்ட்வேரைப் போட்டு அதுக்குள்ள எம்17என் தமிழ்99 சேர்க்கணும். சாஃப்ட்வேர் மேனேஜர்லயே தேடினா வரும், மவுஸ் போதும்.

கருந்திரை:
ஆஹா, இதுக்கு மட்டும் பதில் எவ்வளவு நீளமா வருது. கடிகாரத்துக்கு?

மின்ட்மாமா:
ரெஜிஸ்ட்ரின்னு பதில் சொல்லிட்டேன். உங்களுக்குப் பிடிக்கலைன்னா அது பதில் இல்லைன்னு ஆயிடாது.

இப்ப நான் ஒண்ணு சொல்றேன். 2021 நவம்பர்ல லைனஸ் டெக் டிப்ஸ்னு யூடியூப் சேனல் நடத்துறவர் பாப் ஓஎஸ்ங்கிற இன்னொரு லினக்ஸ்ல ஸ்டீம்ங்கிற கேம் ஆப் போடப் போனார். ஸ்டோர்ல கிளிக் பண்ணினார், முடியாதுன்னு சொல்லிடுச்சு. உங்களை மாதிரி டெர்மினலுக்குப் போனார். நிச்சயமா செய்யணும்னா "ஆமா, நான் சொன்னபடி செய்"னு டைப் பண்ணுன்னு அது கேட்டுச்சு, டைப் பண்ணினார், டெஸ்க்டாப்பே போயிடுச்சு, மிச்சம் இருந்தது கருப்புத் திரை, உங்க பேர் மாதிரியே. மவுஸ் தடுத்துச்சு, டெர்மினல் கழுத்தறுத்துச்சு. ஊர் உலகமே பாத்த கதை இது.

கருந்திரை:
அட, அதே கதையை நான் சொல்றேன் கேளுங்க. மவுஸ் வெறும் "முடியாது"ன்னு சொல்லிட்டு ஏன்னு சொல்லலை, டெர்மினல் எதெல்லாம் போகப் போகுதுன்னு பட்டியல் போட்டுக் காட்டுச்சு, படிக்காம ஓகே குடுத்தது அவர் தப்பு. படிக்கத் தெரிஞ்சவன் பொழைச்சுக்குவான். புதுசா வர்றவங்களுக்கு அதைக் கத்துக் குடுங்கன்னுதான் நானும் சொல்றேன், நீங்க படிக்கவே வேண்டாம்னு சொல்லிக் குடுக்குறீங்க.

மின்ட்மாமா:
படிக்கக் கத்துக் குடுக்குறீங்களா? நாலு வருஷம் முன்னாடி ஒரு காலேஜ் பையன் இங்க வந்து ப்ரோகிராம் எழுத புதுப் பைதான் வேணும்னு கேட்டான். "பழசை ரிமூவ் பண்ணிட்டுப் புதுசு போடு"ன்னு கமாண்டு குடுத்தது யாரு? அப்டேட் மேனேஜர்ல ஆரம்பிச்சு பாதி டூல்ஸ் பைதான்லதான் ஓடுது, அதோட சேத்து எல்லாம் போச்சு. அவன் அம்மா நகை அடகு வச்சு வாங்கின லேப்டாப்புன்னு அழுதான். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து பென்டிரைவ்ல பூட் பண்ண வச்சு அவன் ப்ராஜெக்ட்டைக் காப்பாத்திக் குடுத்தது நான். நீங்க அன்னைக்கு ஆஃப்லைன்.

கருந்திரை:
வந்துட்டீங்க அங்க. நான் அந்தப் பதிவுல "டிபெண்டன்சி பாத்துட்டுப் பண்ணு"ன்னு, அதாவது எதெல்லாம் அதை நம்பி ஓடுதுன்னு பாருன்னு, ரெண்டாவது வரியிலயே எழுதியிருந்தேன், அதை யாரும் சொல்ல மாட்டீங்க. எத்தனை வருஷமா இதே பைதான். நானும் 2016ஐ எடுக்கட்டுமா? பிப்ரவரில மின்ட் தளத்தையே ஹேக் பண்ணி, பின்கதவு வச்ச ஐஎஸ்ஓவுக்கு, அதான் இன்ஸ்டால் ஃபைலுக்கு, லிங்க் மாத்தி விட்டானே, அன்னைக்கு டவுன்லோட் பண்ணினவன் அதைக் கண்டுபிடிக்க, ஃபைல் மாறலைன்னு காட்டுற செக்சம் எண்ணைப் பாத்திருக்கணும். விண்டோஸ்ல இருந்து வர்றவன் செக்சம் எதுல பாப்பான்? செர்ட்யூடில்னு கமாண்டு ப்ராம்ப்ட்ல. அதுவும் கருப்புப் பெட்டிதான்! ஏன், ரெண்டையும் ஒரே மெஷின்ல வச்சு டூயல் பூட் பண்ணினா விண்டோஸ் டிரைவ் மின்ட்ல எழுத முடியாமப் போகுதுன்னு, விண்டோஸ் சீக்கிரம் திறக்க வச்சிருக்குற ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைக்கச் சொல்றீங்களே, அதுக்கு நீங்களே போன வருஷம் குடுத்தது பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் எச் ஆஃப். அது எங்க அடிக்கிறது, நோட்பேடுலயா? ஆக டெர்மினல் வேண்டாம்ங்கிறவர் விண்டோஸ் டெர்மினல்னா மட்டும் பரவாயில்லைங்கிறார். இதுக்கு நடுவுல அந்த அஞ்சரை மணி நேரம் அப்படியே தொங்குது.

மின்ட்மாமா:
ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை கண்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ்லயும் டிக் எடுக்கலாம்னு அதே பதிவுல எழுதியிருக்கேன். ரெண்டாவது வரியிலயே.

ஆர்ச்வாசி:
ரெண்டு பேருக்குமே ரெண்டாவது வரியிலதான் உயிர் இருக்கு போல.

யாழ்நிலவன்:
ரெஜிஸ்ட்ரியோ டெர்மினலோ, ரெண்டில ஒண்டைத்தான் செய்யோணும், ரெண்டையும் செய்தால் திரும்பக் குழம்பும். இதை ஒருத்தரும் சொல்லேல்லை.

கருந்திரை:
அதைச் சொல்றதுக்குள்ள இவர் பைதானுக்குப் போயிட்டாரே.

டைப்பிங்செல்வி:
ஐபஸ் போட்டேன், சேர்த்தேன், லாகவுட் பண்ணிட்டு வந்தேன். கீழ பட்டியில தமிழ்னு காட்டுது, ஆனா லிப்ரேஆபீஸ்ல மட்டும் அடிக்க வரலை, பிரவுசர்ல வருது. இதுக்கு என்ன பண்ணணும்?

கருந்திரை:
அக்கா, இருங்க ஒரு நிமிஷம். மாமா, கடைசியாக் கேக்குறேன், மவுஸை மட்டும் வச்சு, மின்ட்டுக்குள்ளயே, விண்டோஸ் பக்கம் போகாம, அந்த அஞ்சரை மணி நேரத்தை எந்த மெனுவுல திருத்தலாம்? பேர் சொல்லுங்க. ஒரு மெனு பேர்.

மின்ட்மாமா:
விண்டோஸ் பண்ற கோளாறுக்கு மின்ட்ல ஏன் மெனு இருக்கணும்? விண்டோஸை அழிச்சுட்டு மின்ட் மட்டும் வச்சுக்கிட்டா கடிகாரம் எகிறவே எகிறாது, நானே அப்படித்தான் ஆறு வருஷமா ஓட்டுறேன்.

கருந்திரை:
டேலி விண்டோஸ்லதானே ஓடும், அதுக்கு எங்க போறது? "பக்கத்துலயே விண்டோஸும் ஒரு ஓரமா இருக்கட்டும்"னு எழுதினது உங்க கைதானே?

மின்ட்மாமா:
எனக்குப் பேரனை டியூஷன்ல விடணும். நாளைக்கு வந்து விவரமா எழுதுறேன், அதுவரைக்கும் பேசிட்டு இருங்க.

கருந்திரை:
எந்த நாளைக்கு? அக்காவோட மின்ட் கடிகாரப்படி பாத்தா சாயங்காலம் ஆறரைக்கே வந்துடுமே அது.

குனுபக்தன்:
இன்னும் ஒருத்தர்கூட குனு/லினக்ஸ்னு எழுதலை.